வெயிலுக்கு வளர்ந்த வண்டி

பழைய லைலேண்ட் லாரி ஒன்று எஞ்சின் வேலைக்காகச் சேலம் பக்கத்துப் பட்டறைக்கு வந்தால், மெக்கானிக் கழற்றி ஓரமாகப் போடும் சாமான்களில் ஒன்று தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் 80 டிகிரி அளவுக்குச் சூடேறும்வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் வழியை அடைத்து வைப்பது அதன் வேலை. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்? அடைச்சிக்கிச்சுன்னா ஹெட்டு போயிருமுங்" என்பார் மெக்கானிக். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரி காயும் ஊரில், பத்து டன் சுமையோடு தொப்பூர்க் கணவாய் ஏறும் வண்டிக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் கருவி வேண்டியதில்லைதான். அந்த வால்வு போனதற்காக இந்த ஊரில் யாரும் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேண்டிய இடம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

அதுவும் இதே சாலையில். சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டியிலிருந்து கிளம்பி மல்லூர்ப் பக்கம் போய் ஏறினால் வருகிற நெடுஞ்சாலைக்கு இன்று எண் 44. 2010இல் எண்களை மாற்றியமைக்கும் வரை அது 7. தெற்கே போனால் நாமக்கல், கரூர், மதுரை, கன்னியாகுமரி. வடக்கே போனால் ஓசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, பானிபட், ஜலந்தர், பதான்கோட், ஜம்மு, பனிஹால். முடிகிற இடம் ஸ்ரீநகர். ஏரி வற்றிச் சீமைக்கருவேலம் மண்டிய ஓர் ஊரின் பக்கத்தில் போகும் தார்ச்சாலையின் மறுமுனையில் ரேடியேட்டர் தண்ணீர் கல்லாக உறைகிறது என்பதைச் சாலையோரத்தில் அரளிப்பூ பறிக்கிறவர்கள் நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. லாரிக்காரர்கள் நினைத்தாக வேண்டும்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒரு பதிவெண்ணுக்குச் சொந்தமான கதை அல்ல. 1990களின் பிற்பாதியில் சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் ரோட்டுக்கு வந்த ஆறு சக்கர லாரிகளின் பொது ஜாதகம். கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப், மரச்சட்டத்தில் கட்டிய கேபின். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து இரும்புக் கடை வரைக்கும் கூடப் போவோம்.

அசோக் மோட்டார்ஸ் என்று 1948இல் தொடங்கி, 1955இல் அசோக் லைலேண்ட் ஆன கம்பெனிக்கு மூலத் தொழிற்சாலை எண்ணூரில். ஓசூர் ஆலை 1980இல் வந்தது. நம் வண்டி ஓசூரில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அதற்கு முகம் கிடையாது. சட்டம், எஞ்சின், சக்கரங்கள், முன்னால் ஒரு தகடு, ஸ்டீயரிங். அவ்வளவுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தற்காலிகமாகப் பொருத்திய சீட்டில் உட்கார்ந்து, காற்றையும் தூசியையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு சேசிஸ் டிரைவர் அதை நாமக்கல்லுக்கு ஓட்டி வருவார். கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் இறக்கம், சேலம். தன் வாழ்நாள் முழுக்க ஓடப்போகிற சாலையை வண்டி முதலில் பார்ப்பது இப்படித்தான், அம்மணமாக.

நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்கள் அதற்கு வீடு கட்டுவார்கள். வீடு என்பது மிகையல்ல. மரச்சட்டம் இழைத்து, தகடு அடித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் நீட்டிப் படுக்கப் பலகை போட்டு, சாமி படத்துக்கு மாடம் வைத்து, நெற்றியில் முதலாளி வீட்டுக் குழந்தைகளின் பெயர்களை எழுதித் தருவார்கள். கேபினின் நடுவில், டிரைவருக்கும் கிளீனருக்கும் இடையில், எஞ்சினை மூடும் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். ஆந்திராவில் ஏப்ரல் மாத நடுப்பகலில் அந்தப் பெட்டியின் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் படும் பாட்டை எழுத்தில் கொண்டுவருவது கடினம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்ததே அந்தப் பாட்டை டெல்லியில் யாரோ ஒருவழியாகப் புரிந்துகொண்டதால்தான். ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாமதம் என்பேன்.

பாடி கட்டும்போதும் பிறகும் வண்டிக்குக் கற்றுத்தரப்படுவதெல்லாம் வெயில் பாடம். ரேடியேட்டரில் ஊற்றுவது குழாய்த் தண்ணீர், குறைந்தால் வழியிலிருக்கும் வாய்க்கால் தண்ணீர். கூலன்ட் காசு கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம், எதற்கு வீண் செலவு? எஞ்சின் ஆயில் கெட்டியான ரகம். சூட்டில் இளகி ஓடிவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று சொன்னேன். பாட்டரி சாகும்வரை ஓடும். செல்ஃப் மோட்டார் இழுக்காவிட்டால் ராத்திரி வண்டியை இறக்கத்தில் நிறுத்திக் கட்டை போட்டுவிட்டு, காலையில் கட்டையை எடுத்து உருளவிட்டு இரண்டாவது கியரில் கிளச்சை விட்டால் முடிந்தது. இந்த ஒவ்வொன்றும் இங்கே நூற்றுக்கு நூறு புத்திசாலித்தனம்.

வண்டி வடக்கே போகக் காரணம் ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசியாக்கும் ஆலைகள் சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரம் முழுக்க உண்டு. சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் 1981இல் தொடங்கியது; 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் பாயசத்தில் ஒரு பிடி போடுவதோடு சரி. விரத நாளில் கிச்சடி செய்து சாப்பிடுகிற வடக்கத்தி வீடுகளில்தான் அதற்கு மெய்யான தேவை. மூட்டை அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கினால் நாக்பூர், இந்தூர், டெல்லி. போகிற லோடு எளிது. ரிட்டன் லோடுதான் விதியைத் தீர்மானிக்கும். பெரும்பாலான தெற்கத்தி வண்டிகள் டெல்லி அசாத்பூர் மண்டியிலேயே கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். சில வண்டிகளுக்கு ஜம்முவுக்கோ ஸ்ரீநகருக்கோ இன்னொரு லோடு மாட்டும். போனால் திரும்பும்போது ஆப்பிள். வாடகை நன்றாக இருக்கும். டிசம்பர் என்பதை வாடகை பேசுகிற புரோக்கர் ஞாபகப்படுத்த மாட்டார்.

குளிர் ஒரேயடியாக வருவதில்லை. ஜான்சி தாண்டியதும் கிளீனர் போர்வையைத் தேடுவார். ஆக்ராவிலிருந்து மூடுபனி. அரியானாவில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துதான் போக வேண்டும். ஊரில் கால் வைக்க முடியாத அந்த எஞ்சின் பெட்டியின் மேல் இப்போது இரண்டு பேரும் கையை வைத்துக்கொண்டிருப்பார்கள். லூதியானா பக்கம் வெப்பம் 3, 4 டிகிரிக்கு இறங்கும் ஒரு விடியலில் வண்டி முதல் எச்சரிக்கையைத் தரும். செல்ஃப் போட்டால் எஞ்சின் சோம்பலாகச் சுற்றும். பற்றிக்கொண்டபின் வெள்ளைப் புகையாகத் தள்ளும். பாதி எரிந்தும் எரியாமலும் வெளியேறும் டீசல் அது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த தப்பு பதான்கோட்டில் நடக்கும். மேலே பங்க் இருக்குமோ இருக்காதோ என்று டேங்கை வழிய வழிய நிரப்புவார்கள்.

டீசலில் மெழுகு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். குளிர ஆரம்பித்தால் அது துகளாகப் பிரிந்து முதலில் டீசலைக் கலங்கவைக்கும், அப்புறம் ஃபில்டரை அடைக்கும், கடைசியில் டேங்க்கில் இருப்பதே கூழாகிவிடும். இந்திய தர நிர்ணயத்தின்படி வெயில் காலத்து டீசல் 18 டிகிரி வரைக்கும், குளிர் காலத்து டீசல் 6 டிகிரி வரைக்கும் ஃபில்டரை அடைக்காமல் இருந்தால் போதும். நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் தாங்கும் என்றாலும் உத்தரவாதம் அவ்வளவுதான். பஞ்சாப் சமவெளிக்கு அது சரி. பனிஹாலுக்கு அந்தப் பக்கம் ராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இடத்துக்கு, கீழே நிரப்பிய 300 லிட்டர் என்பது 300 லிட்டர் மெழுகுக் கரைசல். விவரம் தெரிந்த டிரைவர்கள் கீழே பாதி டேங்கோடு ஏறி, மேலே குளிர்ப் பகுதியிலேயே போய்ப் போட்டுக்கொள்வார்கள். முதல் தடவை போகிறவருக்கு அந்த விவரம் இருக்காது.

உதம்பூருக்கு மேலே சாலை வேறு குணம் காட்டும். செனானியிலிருந்து நாஷ்ரிக்குப் போக 9 கிலோமீட்டர் சுரங்கம் 2017 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை எல்லா வண்டியும் 2,000 மீட்டர் உயரத்து பட்னிடாப்பைச் சுற்றி ஏறி இறங்கியாக வேண்டும். ஓரத்தில் பனி, நடுவில் கண்ணாடிபோல உறைந்த ஐஸ். அப்புறம் ராம்பன். மலையிலிருந்து கல் உருண்டு விழும் சரிவுகள். கனரக வண்டிகளை ஒரு நாள் மேலே விடுவார்கள், மறுநாள் கீழே விடுவார்கள். நிலச்சரிவு வந்துவிட்டால் அதுவும் கிடையாது. எத்தனை நாளானாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பனிஹாலில் 1956இல் திறந்த ஜவஹர் சுரங்கம், இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 2,200 மீட்டர் உயரத்தில். அதைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் காசிகுண்ட், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வாசல். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான 40 நாளை காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். பெருங்குளிர்க் காலம். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரிலேயே பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரியைத் தாண்டியது.

வண்டி காசிகுண்டில் ஒரு ராத்திரி நிற்கட்டும். ஓசூரில் பிறந்து நாமக்கல்லில் வளர்ந்ததற்கு அங்கே என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16, 17 மடங்கு நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஊரில் கவலையே இல்லை. இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். காசிகுண்டில் உள்ளே வரும் காற்றே உறைகுளிர். நெருக்கிப் பிறக்கிற சூட்டை நானூறு, ஐந்நூறு கிலோ குளிர்ந்த இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் இரும்பு உறிஞ்சுவதற்குள் பற்றிவிடும். ஆனால் வெயிலுக்காக ஊற்றிய கெட்டி ஆயில் இப்போது பிசின். அதைப் பிளந்துகொண்டு சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். பலம் தர வேண்டிய பாட்டரிக்குள் ரசாயன வேலையே மந்தமாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் நல்ல பாட்டரியே பாதி சக்திதான் தரும். அதில் சார்ஜ் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் பெரும்பாலும் தண்ணீர்தான். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை ஒட்டி அதுவே உறைந்து பெட்டியை வெடிக்கவைக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ஐந்தாறு வருஷம் ஓடித் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக நெருக்கிய காற்று நழுவிப் போய்க்கொண்டிருக்கும். புதிய வண்டி தப்பித்துவிடுகிற குளிரில் பழைய வண்டி மாட்டிக்கொள்வது இந்தத் தேய்மானத்தால்தான்.

ஜீப், வேன் எஞ்சின்களில் ஹீட்டர் பிளக் உண்டு. சாவியை அரைத் திருப்பு திருப்பி விளக்கு அணையும்வரை பொறுத்தால் சிலிண்டருக்குள் கம்பி பழுத்து உதவும். லாரி எஞ்சினில் நேரடியாக உள்ளே தெளிப்பதால் நம் நாட்டு வண்டிகளுக்கு அது வைத்ததில்லை. தமிழ்நாட்டுப் பட்டறை கெடுத்தது பாதி என்றால், தொழிற்சாலை இந்தக் குளிரை மனதில் வைக்காமல் செய்தது மீதி.

தண்ணீர் இன்னும் மோசம். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பருத்துவிடும். ரேடியேட்டரிலும் எஞ்சின் பிளாக்கிலும் அப்படிப் பருத்தால் வார்ப்பிரும்பே விரிசல் விடும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை தாங்கும். குழாய்த் தண்ணீர் தாங்காது. அனுபவம் உள்ள டிரைவர் ராத்திரி நிறுத்தியதும் முதலில் தண்ணீர் வடிக்கும் காக்கு குழாய்களை, ரேடியேட்டரில் ஒன்று, பிளாக் பக்கத்தில் ஒன்று, இரண்டையும் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுவார். படுக்கையில் இருக்கும் கிளீனரை எழுப்பி, "டேய் தம்பி, பிளாக்கு காக்கு தொறந்தியா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் படுப்பார். ஒரு காக்கு மறந்தால் எஞ்சின் போச்சு. முதலாளிக்குப் போன் போட்டு அதைச் சொல்கிற தைரியம் எந்த டிரைவருக்கும் கிடையாது.

ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிடுவது ஒரு வழி. உலகில் குளிர்ந்த ஊர்கள் பலவற்றில் இதைச் செய்கிறார்கள். சைபீரியாவில் யாகுட்ஸ்க்கில், ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தொடும் ஊரில், வெளியே நிறுத்திய வண்டியை அணைக்காமல் வைத்திருப்பது வழக்கம். கனடாவில் குளிர் மிகுந்த பகுதிகளில் எஞ்சினுக்குள் சிறிய ஹீட்டர் இருக்கும். முன்பக்கக் கிரில்லிலிருந்து பிளக் தொங்கும். வண்டி நிறுத்துமிடத்தில் மின்சாரம் எடுத்துக் குத்திவைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வின்னிபெக்கில் வாழும் தமிழருக்கு இதெல்லாம் சாதாரணம். காசிகுண்டில் நிற்கும் லாரிக்கு யார் பிளக் தருவார்கள்? ஓடவிட்டால் ராத்திரிக்கு இருபது, முப்பது லிட்டர் டீசல் போகும். அதைவிட முக்கியமான ஆபத்து, கதவை இறுக்கச் சாத்திய கேபினுக்குள் புகை கசிந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கினாலும் அதே கதிதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிரில் கண்விழித்துக் கிடப்பது மேல்.

காலையில் தீ. அதிகாரபூர்வமாக யாரும் சொல்லித்தராத, வடக்கத்தி மலைச்சாலைகளில் எல்லாரும் செய்கிற வேலை. தகரத்தில் மணலைக் கொட்டி, கொஞ்சம் டீசலை ஊற்றிப் பற்றவைத்து, ஆயில் சம்ப்புக்கு அடியில் தள்ளுவார்கள். இன்னொன்று டீசல் டேங்க்குக்குக் கீழே, தூரத்தில், சின்னதாக. 1941இல் மாஸ்கோ வாசலில் சிக்கிய ஜெர்மன் படைகளும் டாங்கிகளுக்கு அடியில் இப்படித்தான் நெருப்பு மூட்டின. லாரியின் டீசல் டேங்க் இரும்பு என்பதால் இது நடக்கிறது. ரப்பர் ஹோஸ், ஒயர், கிரீஸ் படிந்த சட்டம், எதில் பிடித்தாலும் மரக்கேபினும் தார்ப்பாயும் சேர்ந்து போகும். கையில் மண்வாரியோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். இதற்குள் டீக்கடையிலிருந்து கொதிநீர் வரும். முதலில் பம்ப் மேலும் டீசல் லைன் மேலும் துணியைச் சுற்றி ஊற்ற வேண்டும். ரேடியேட்டரில் நேரே கொதிநீரைக் கொட்டினால் குளிர்ந்த இரும்பு வெடிக்கும். வெதுவெதுப்பாக ஆரம்பித்துத்தான் சூட்டைக் கூட்ட வேண்டும். பாட்டரியைக் கழற்றி ராத்திரியே கேபினுக்குள் காலடியில் வைத்திருந்தால் அது ஒரு பெரிய பாக்கியம்.

அப்புறம் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப். பழைய பம்புகளில் ஸ்டார்ட் நேரத்துக்கு மட்டும் கூடுதல் டீசல் தள்ள வழி உண்டு. பத்து விநாடிக்கு மேல் இழுக்கக் கூடாது. நிறுத்தி, பாட்டரிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்து, மறுபடி. ஃபில்டரில் மெழுகு கட்டியிருந்தால் கழற்றித் தீயில் காட்டி, மாட்டி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்து, மறுபடி. ஊரில் கைகொடுத்த இறக்க வித்தையை இங்கே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. வண்டி உருளும், கிளச்சை விட்டதும் பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தி ஐஸில் வழுக்கிக்கொண்டே போகும். பிசினாகிப்போன எஞ்சினைத் திருப்பும் அளவுக்குச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. இன்னொரு லாரியில் சங்கிலி கட்டி இழுத்தாலும் பலமுறை இதே கூத்து.

பற்றிவிட்டால் உடனே முறுக்கக் கூடாது. ஆயில் மேலே ஏற நேரம் ஆகும். சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வேலைக்கு வரும். அதுவரை சத்தம் கரடுமுரடாக இருக்கும். பிறகு தெர்மோஸ்டாட் இல்லாத குறை பழிவாங்க ஆரம்பிக்கும். தண்ணீர் விடாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து திரும்புவதால் எஞ்சின் சூடேறவே ஏறாது. மைலேஜ் விழும், எரியாத டீசல் ஆயிலில் போய்க் கலக்கும். அதற்கு மருந்து ஜவ்வரிசி மூட்டைச் சாக்கு. ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கையோ அட்டையையோ கட்டி முக்கால்வாசியை மறைத்துவிடுவார்கள். பட்டறையில் கழற்றி எறிந்த வால்வுக்குப் பதிலாள் அந்தச் சாக்கு. சமவெளிக்கு இறங்கியதும் மறக்காமல் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் இதற்கு நேர்மாறாக எஞ்சின் கொதித்துவிடும்.

ஓட்டுவதில் முதல் சிக்கல் வண்டி நகர்வதே. ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கும். அதனால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவதுதான் முறை. ஏர் பிரேக் வண்டிகளில் காற்று டேங்க்குக்குள் நீர் சேரும். ஊரில் அதை வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே வால்வில் உறைந்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. தினமும் சாயங்காலம் டேங்க் அடியிலுள்ள வால்வை இழுத்து வடிக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் சின்ன கியரிலேயே ஊர்ந்து வர வேண்டும். மிதித்தால் பின்பாகம் முந்திக்கொண்டு வரும். டயருக்குச் சங்கிலி சுற்றுவது இருக்கிறது. நம் வண்டிகள் எதுவும் ஊரிலிருந்து சங்கிலியோடு கிளம்புவதில்லை. அங்கே போய் வாடகைக்கோ விலைக்கோ வாங்குவதுதான்.

ஸ்ரீநகரோடு இந்தச் சாலை முடிந்துவிடுகிறது, குளிர் முடிவதில்லை. சோனாமார்க் தாண்டி 3,528 மீட்டர் சோஜிலா, அப்பால் திராஸ், கார்கில், 3,500 மீட்டர் உயரத்து லே. அங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சகஜம். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு மூச்சும் திணறும். அந்தச் சாலையில் நம் ஆறு சக்கர வண்டி கோடையில் தவிரப் போவதில்லை. அதன் ராணுவச் சகோதரன், அதே அசோக் லைலேண்டின் ஸ்டாலியன், ஜபல்பூரில் கட்டப்பட்டு அங்கே போகிறது. லடாக்கில் வண்டி வைத்திருப்பவர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தே காலம் தள்ளினார்கள். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு என்பதால் உறைவது தள்ளிப்போகும். ஆனால் வழவழப்பும் குறைவு என்பதால் பம்ப் தேய்ந்து சாகும். 2019 நவம்பர் 17 அன்றுதான் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காத ரகம். தயாராவது பானிபட் சுத்திகரிப்பு ஆலையில். நம் வண்டி மூடுபனியில் ஊர்ந்து கடந்த அதே பானிபட்தான். அது இருபது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆப்பிள். சோப்பூர் மண்டியிலோ ஷோப்பியானிலோ பெட்டி ஏற்றியதும் டிரைவரின் கவலை இரண்டாகும். மேலே நின்றால் பழம் உறைந்து கெடும், கீழே போகப் போக வெயிலில் வெம்பும். 2022 செப்டம்பரில் சாலை அடைபட்டு ஆயிரக்கணக்கான ஆப்பிள் லாரிகள் காசிகுண்ட் பக்கம் சிக்கிக்கொண்டபோது பழக்காரர்கள் மண்டியையே மூடிப் போராடினார்கள். அது குளிர்கூட இல்லாத மாதம். இப்போது 2021இல் திறந்த எட்டரை கிலோமீட்டர் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் இருக்கிறது, 2025 ஜூனில் செனாப் பாலம் வழியாக ரயிலும் வந்துவிட்டது. ஆப்பிள் ரயிலேறினால் தெற்கத்தி லாரிக்கு ரிட்டன் லோடு ஒன்று குறையும். நல்லதா கெட்டதா என்று கேட்டால் டிரைவரும் முதலாளியும் வெவ்வேறு பதில் சொல்வார்கள்.

இறங்கி வருகிற ஐந்தாறு நாளில் வண்டி 35 டிகிரி வித்தியாசத்தைக் கடக்கும். சமவெளியில் சாக்கு கழன்றுவிடும். ஐதராபாத்தில் ஸ்வெட்டர் பலகைக்கு அடியில் போகும். ஜம்முவில் காசு கொடுத்து கூலன்ட் ஊற்றியிருந்தால் அது, கசிவை ஈடுகட்ட ஊற்றிய குழாய்த் தண்ணீரில் கலந்து கலந்து பெயரளவுக்கு மிஞ்சும். சேலத்தில் எஞ்சின் கொஞ்சம் சூடானாலும் பட்டறைக்காரர் முழுசாக வடித்துவிட்டு நல்ல தண்ணீர் பிடிப்பார். அடுத்த டிசம்பருக்கு அவருக்குப் பொறுப்பில்லை.

புதிய வண்டிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிஎஸ் 6 லாரியில் கம்ப்யூட்டர் குளிரை அறிந்து டீசலை அளக்கிறது, பல வேலைகளைத் தானே செய்கிறது. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும் என்பதால் அதற்கும் ஹீட்டர் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறவரை அற்புதம். ஆகாவிட்டால் டிரைவர் கையில் ஒன்றுமில்லை. அதன் அடியில் தீ மூட்ட முடியாது, ஒயரும் சென்சாரும் பிளாஸ்டிக்கும் உருகும். பழைய வண்டி அடிக்கடி மக்கர் பண்ணும், ஆனால் ஸ்பானர், கொதிநீர், ஒரு தகரம் மணல் ஆகியவற்றுக்குப் பதில் சொல்லும். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், குளிரில் நிற்பது நானாக இல்லாதவரை பழையதையே புகழ்வேன்.

வண்டிக்கு வடக்கத்தி வாழ்க்கை முடிவது எஞ்சின் போவதால் அல்ல, சட்டத்தால். இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயதுக்கு மேல் நேஷனல் பர்மிட் கிடையாது. பல ஆக்சில் வண்டிக்கு 15. பனிஹால் பார்த்த வண்டி அதோடு உள்ளூர் வண்டியாகிவிடும். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ கைமாறி, பாதி விலைக்கும் பாதியாக, பனமரத்துப்பட்டி போன்ற ஊருக்கு வரும். செங்கல், ஜல்லி, எம் சாண்ட். 1911இல் வெள்ளைக்காரன் சேலத்தின் தாகத்துக்காகக் கட்டிய பெரிய ஏரி இந்த ஊருடையது. தண்ணீர் இல்லாத வருஷங்களில் அதற்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டினால் விறகு லோடு. மழை பொய்த்த வருஷம் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு தண்ணீர் வண்டியாகவும் ஓடும்.

செல்ஃப் இப்போது முழுக்கப் படுத்துவிட்டது. போதமலைப் பக்கமிருந்து மார்கழிக் காற்று வீசும் காலையில் 18, 19 டிகிரிக்கே எஞ்சின் முரண்டு பிடிக்கும். பத்து கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டிக்குப் புதுப் பாட்டரி வாங்க யார் முன்வருவார்கள்? ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, கட்டையை எடுத்து, இரண்டாவது கியர்.

15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக ஏறியது. அதோடு நான்கு டயர், இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவதற்குள் அடிக்க வேண்டிய பெயின்ட். முதலாளி ஒரு பக்கம் இதைக் கூட்டுவார், இன்னொரு பக்கம் கிலோ இரும்பு என்ன விலை என்று விசாரிப்பார். கூட்டல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. வண்டியைக் கண்டம் போட்டு உடைக்கிறவர்கள் முதலில் பம்பையும் கியர் பாக்ஸையும் கழற்றித் தனியாக விற்பார்கள். அவை இன்னொரு பழைய லைலேண்டில் ஏறும். கேபின் மரம் அடுப்புக்கு. ஸ்பிரிங் பட்டைக்குத் தனி கிராக்கி, நல்ல எஃகு; கொல்லர்கள் எடை போட்டு வாங்கிப் போய் அரிவாள் அடிப்பார்கள்.